ஒரே கூரை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை அவளுக்குத்தான் என்று முடிவானபோது கூட வேலை செய்தவர்கள் கைதட்டினார்கள். கறை படிந்த விரிப்புகளை உதறிப் பிரித்து மிஷினுக்குள் தள்ளித் தள்ளி அவள் தோள்பட்டை தேய்ந்தே போயிருந்தது. இனிமேல் உட்கார நாற்காலி உண்டு, தூக்கிச் சுமக்க வேண்டாம். ஆனால் சம்பளம் கூடும். அதுதான் வினை.

அவள் புருஷன் லாரி டிரைவராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அரசு உதவி அட்டையின் தயவில்தான் டயாலிசிஸ் நடந்தது. வரம்புக்குள் வருமானம் இருக்கிற குடும்பத்துக்கு மட்டுமே அந்த அட்டை.

லீவு போட்டுவிட்டு உதவி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். வரம்பைக் கொஞ்சம்தானே தாண்டுகிறது, உதவியையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று.

"குறைக்க மாட்டாங்கம்மா. மொத்தமா நிறுத்திடுவாங்க" என்றாள் கம்ப்யூட்டர் முன் இருந்த அம்மாள். அவளும் காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவள்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரே கூரைக்குக் கீழ இருந்தாத்தான் ஒரே குடும்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேலை வேண்டாமென்று சொல்லிவிடுவதாகத்தான் அவள் வீடு திரும்பினாள். நடந்ததைப் புருஷனிடம் ஒப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி வீட்டுக்குப் போறேன். அவன் வருமானம் வரம்புக்குள்ளதான், அட்டையை அந்த விலாசத்துக்கு மாத்திக்கலாம். நீ அந்த வேலையை ஒத்துக்கோ."

"ஊர் என்ன பேசும்?"

"பேசட்டுமே. உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப உங்கப்பா என் சம்பளத்தைத்தான் குடைஞ்சு குடைஞ்சு கேட்டார். இப்ப உன் சம்பளத்தைக் கேக்கறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் அழவில்லை, சிரிப்பும் வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

கொழுந்தன் வீடு ஊரின் மறுகோடி. முன்னறையில் தையல் மிஷினை ஓரங்கட்டி, அண்ணனுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருந்தான். விடுமுறை நாட்களில் உப்புக் குறைத்துச் சமைத்து எடுத்துக்கொண்டு போவாள். சொந்தப் புருஷன் இருக்கிற வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்பதுபோல நிற்பாள். ஓரகத்தி முகம் கோணாமல்தான் வரவேற்றாள். அதுவே அவளுக்கு அன்னியமாகப் பட்டது.

ஒருநாள் அவர் கால்வீக்கத்தை அவள் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது விசாரணை அதிகாரி வந்து நின்றார். அட்டையைப் புதுப்பிக்கும் முன் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். கட்டிலைப் பார்த்தார், மருந்து டப்பாவைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

ஓரகத்தி முந்திக்கொண்டாள். "சொந்தக்காரங்க சார். பார்த்துட்டுப் போக வந்திருக்காங்க."

புருஷன் காலிலிருந்து கையை எடுப்பதா, வைத்திருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அதிகாரி அவள் கழுத்தையும் அந்தக் கையையும் ஒரு கணம் பார்த்தார். கேட்க வாயெடுத்தவர், குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். குடித்துவிட்டு, கட்டிலில் இருந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அட்டை புதுப்பிக்கப்பட்டது. விஷயத்தைக் கொழுந்தன் போனில் சொன்னபோது அவள் சலவைக்கூடத்து நாற்காலியில் இருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முறை போனபோது அவர் மெலிந்திருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். ஓரகத்தியின் சமையல் பழகிவிட்டது என்றார். கிளம்பும் நேரத்தில், தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"அடுத்த தடவை வரும்போது என் போர்வையையும் எடுத்துட்டு வந்துடு."

இத்தனை நாளும் அவர் அதைக் கேட்டதில்லை. அவள் தலையாட்டிவிட்டு, காலிப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.