ஒன்றாம் எண் அறை

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளரை வைத்தார் டேப்பு சார். மாடியில் இரண்டு அறை, கீழே இரண்டு அறை. ஒவ்வொரு அறையிலும் மூலையை ஒதுக்கி ஒரு குளியலறை. முன்கூடத்தில் விருந்தினர்கள் காலைச் சாப்பாடு சாப்பிட மேசைகள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குக்கூட வளைகோடு போட்டிருந்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க. நாம எங்க படுக்கிறது?"

"நாம என்ன வெளியாளா? வீட்டு ஆளுங்கதானே. எங்க வேணாலும் முடங்கிக்கலாம்."

ஆயுள் முழுக்க ஒரு பெரிய கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர் அவர். அலமாரியில் ஒரு விரற்கடை இடம் சும்மா கிடந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூடவே வந்தது இடுப்பில் மாட்டிய இரும்பு டேப்பு. வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இப்போது ஊருக்கே தெரியும். டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டுப் பல காலம் ஆனாலும் எல்லோருக்கும் டீச்சர்தான். கோபம் வந்தால் கணவருக்கும் டீச்சர்தான்.

யோசனை மகளுடையது. தொலைபேசியில் சொன்னாள். "இவ்வளவு பெரிய பழைய வீட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? தங்க வர்றவங்களுக்கு ரூம் விடுங்கப்பா. காலையில ஒரு ஆம்லெட், ரெண்டு ரொட்டி குடுத்தா போதும்." அந்த ஆம்லெட்டை யார் போடுவது என்று மகளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. இருவருமே அதைத் தெரிந்த விஷயமாக எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மாடி முன்னறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருடைய அறை. தெருவைப் பார்த்த அகல ஜன்னல், அதை ஒட்டி வளர்ந்த மரம். அந்த ஜன்னலடியில்தான் மலைமலையாக விடைத்தாள் திருத்தினார். என்றைக்காவது விடைத்தாளே இல்லாத ஒரு மத்தியானத்தில் இங்கே காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று திருத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். அந்த மத்தியானம் வந்து சேர்ந்த நேரம் பார்த்து, அறைக் கதவில் பித்தளையில் '1' என்று ஏறிவிட்டது.

"அதுதான் நம்ம வீட்டுக்கே முகம். போட்டோ எடுத்து விளம்பரத்துல அதைத்தான் போடப் போறேன்" என்றார் டேப்பு சார்.

"என் முகத்தைக் கேட்டீங்களா?"

அது அவர் காதில் ஏறவில்லை. சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

கொத்தனார் பொரிந்துபோன பூச்சைச் சுரண்டினார். தரைக்கு மெருகு ஏறியது. மழைக்கு ஊதிக்கொள்ளும் கதவுகளை இழைத்துச் சரிசெய்தார்கள். வீடு நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வர, வீட்டுக்காரர்கள் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் பின்னறை, அப்புறம் கூடம், கடைசியில் மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறை. மடக்குக் கட்டிலைப் போட்டால் டேப்பு சாரின் கால் வாசலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். டீச்சரின் தலைமாட்டில் பெயின்ட் டப்பா. யாராவது படியேறினால் முகத்தில் மண் உதிரும்.

முன்னறைக்குப் புது மெத்தை வந்தது. அதன் மேல் வெள்ளை விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் டேப்புக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார் டேப்பு சார். பழைய வீட்டுப் பழைய பூட்டு. அதற்கு இன்னொரு சாவி உண்டென்பதும் அது தையல் பெட்டியில் கிடக்கிறதென்பதும் டீச்சருக்கு மட்டும் தெரியும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் ஆணி, குழாய் என்று எதையாவது வாங்கக் கிளம்புவார். டீச்சர் பூனை போல மாடியேறுவார். ஜன்னலைத் திறந்து, காலை நீட்டி, வாரப் பத்திரிகை நெஞ்சில் சரிய ஒரு குட்டித் தூக்கம். எழுந்ததும் விரிப்பை நீவிவிட்டு இறங்கிவிடுவார். ஆனால் கணக்கு டீச்சர் எவ்வளவு நீவினாலும் கிடங்குப் பொறுப்பாளர் இழுத்துக் கட்டியது போல வருமா?

"எவனோ படுக்கிறான்" என்றார் டேப்பு சார். "பெயின்டர்தான். மூஞ்சியே தூக்கக் கலக்கமா இருக்கு."

பெயின்டரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். மனிதர் திருதிருவென்று விழித்தார். ஏணி மேலிருந்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் கண் ஒரு நொடி டீச்சர் பக்கம் போய்த் திரும்பியது.

"அசதியா இருந்துச்சு சார். இனிமே படுக்கல."

டேப்பு சார் முணுமுணுத்துக்கொண்டே போனதும் டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏன்பா பழியை உன் தலையில போட்டுக்கிட்ட?"

"விடுங்க டீச்சரம்மா. சார் திட்டுனா எனக்கென்ன, வேலை முடிஞ்சா போயிருவேன். நீங்க போக முடியுமா?" என்றவர், ஏணியில் கால் வைத்துக்கொண்டே, "சாயங்காலம் காப்பியில மட்டும் பால் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்றார்.

உரிமம் தருவதற்கு முன் வீட்டைப் பார்வையிட வேண்டும் என்று அதிகாரி அம்மா வந்தது ஒரு மத்தியானம். மறுநாள் வருவதாகத்தான் பேச்சு. ஜன்னல் வழியே கார் நிற்பதைப் பார்த்த டீச்சர் அடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். விரிப்பை நீவ நேரமில்லை. பூட்டவும் மறந்துபோனார். ஆணி வாங்கித் திரும்பிய டேப்பு சார் அதற்குள் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"திட்டம், மேற்பார்வை, நிர்வாகம் எல்லாம் நானேதான் மேடம்."

"காலைச் சாப்பாடு?"

"எல்லாமே நான்தான்" என்றார் அதே வேகத்தில்.

கீழ் அறைகளில் குழாயைத் திறந்து பார்த்தார் அந்த அம்மா. தரையைத் தேய்த்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். டேப்பு சாருக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது போல இருந்தது.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. இப்ப உங்க ரூமைக் காட்டுங்க."

"எங்க ரூமா?"

"வீட்டுக்காரங்க குடியிருக்கிற வீட்டுக்குத்தான் இந்த உரிமம். இல்லன்னா அது லாட்ஜ். அதுக்கு விதியே வேற."

டேப்பு சார் படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி அம்மா குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஜன்னல் எங்க?"

"அதோ, மேல ஒரு ஓட்டை..."

"அது எலி வர்ற வழி" என்றார் டீச்சர்.

"என்ன சார் விளையாடுறீங்க? இதுல மனுஷங்க இருக்காங்கன்னு எழுதிக் குடுத்தா என்னைக் கேப்பாங்க. குடியிருப்பு இல்லன்னு எழுதிடவா?"

டேப்பு சார் பெயின்ட் டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அவருடைய வரைபடம், உழைப்பு, பெருமை எல்லாம் அந்த மடக்குக் கட்டிலில் வந்து நின்றது. டீச்சருக்கே மனம் ஒரு கணம் இளகியது.

"இன்னும் மாடியைப் பாக்கலையே மேடம்" என்றார்.

முன்னறைக் கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. கசங்கிய விரிப்பு. தலை பதிந்த தலையணை. கவிழ்த்து வைத்த வாரப் பத்திரிகை, அதன் மேல் மூக்குக்கண்ணாடி. ஜன்னல் விளிம்பில் இரண்டு கொண்டை ஊசிகளும் பாதி குடித்த காப்பியும். டேப்பு சார் பெயின்டரை நினைத்து வாயைத் திறந்தார். கொண்டை ஊசியைப் பார்த்து மூடிக்கொண்டார்.

முழங்கால் வலியோடு படியேறிய அதிகாரி அம்மா கட்டிலிலேயே உட்கார்ந்தார். டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது.

"இந்த வீட்டுலேயே ஆள் வாழ்ற மாதிரி இருக்கிற ரூம் இது ஒண்ணுதான். இதுதான் உங்க ரூமா?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். வகுப்பில் விடை தெரியாதவனைப் பார்த்துக் காத்திருப்பது போல, அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"ஆமா மேடம்" என்றார் டேப்பு சார். "இதுதான்."

"இதை வாடகைக்கு விடக்கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

உரிமம் வந்தது. பித்தளை '1' கழன்றது. வருகிறவர்கள் எல்லாம், அறைகள் ஏன் இரண்டிலிருந்து தொடங்குகின்றன என்று கேட்கிறார்கள். படத்தில் பார்த்த ஜன்னல் அறை எங்கே என்றும் கேட்கிறார்கள். "அதுல ஆள் இருக்காங்க" என்கிறார் டேப்பு சார். விரிப்பு கசங்கிவிடுமோ என்று பயந்து, அவர் இன்னமும் கட்டிலின் ஓரத்தில் விறைப்பாகத்தான் படுக்கிறார்.

முதல் விருந்தினர் தங்கிய மறுநாள் காலை, அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டா பிய்யுதே, என்ன பண்றது?"

டீச்சர் ஜன்னல் பக்கம் புரண்டு படுத்தார்.

"நிர்வாகம் முழுக்க நீங்கதானே" என்றார். "அளந்து பாத்துத் திருப்புங்க."