வெறும் தண்ணீர்

எஃகுத் தகட்டை அறுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் அதியழுத்த நீர்த்தாரை திடீரென்று அறுப்பதை நிறுத்திவிட்டது. பளபளவென்று ஒரு கோடு மட்டும் போட்டது. தண்ணீரோடு கலக்கும் அறுப்பு மணல் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மச்சானுக்குச் சிரிப்பு. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மணல் இல்லன்னா வெறும் தண்ணிதானே மாமா? பல்லு புடுங்கின பாம்பு!" என்று தாரைக்குள் விரலை நீட்டினான்.

"அறிவிருக்கா? இரும்புக்குத்தான்டா மணல் வேணும். சதைக்குத் தண்ணியே போதும்!" என்று கத்திக்கொண்டே சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

கையை இழுத்துக்கொண்டான். கையுறையின் விரல் நுனி தகட்டின் மேல் கிடந்தது.

"கையுறைதான் போச்சு, விடுங்க மாமா," என்று இளித்தான். வலிக்கவே இல்லையாம்.

நுனியை எடுத்துப் பார்த்தேன். அது காலியாக இல்லை.