‘ஆச்சு’ என்றார் அபா

இப்போதெல்லாம் போன் திரையின் மூலையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்தால் நான் நம்புவதில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் என் அப்பாவைக் கொல்லப் பார்த்தேன்.

அப்பாவை நாங்கள் அபா என்போம். அவரிடம் கேள்வி கேட்டுப் பிரயோஜனமில்லை. சாப்பிட்டீர்களா? ஆச்சு. தூங்கினீர்களா? ஆச்சு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பாண்டுங் ஊர்க்காரர்களுக்கே உள்ள வியாதி, அபாவுக்கு அது முற்றிப்போயிருந்தது. பட்டினி கிடந்தாலும் ஆச்சு என்று சிரிப்பார். போன வருடம் இன்சுலின் ஊசி போடாமலே ஆச்சு என்று சொல்லிவிட்டு, சர்க்கரை ஏறிக் குளியலறையில் விழுந்தார்.

அதற்கப்புறம்தான் என் தம்பி குகுன் அவனுடைய குறிப்புப் பக்கத்தைக் காட்டினான். இணையதளம் கட்டுவதுதான் அவனுக்கு வேலை. தனக்கென்று ஒன்று செய்து வைத்திருந்தான். வெறும் வெள்ளைப் பக்கம். முகவரியைத் தட்டித் திறந்து எழுத வேண்டியதுதான், எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்ளும். கிட்டார் பாட்டுக்கான சுரங்கள், மீன்தொட்டிக்கு வாங்க வேண்டியது, கோபம் வந்த நாளில் மேலதிகாரியைத் திட்டியது எல்லாம் அதில்தான் இருந்தன.

“ஊருல சும்மா கெடைக்கிறத எதுக்குடா ராப்பகலா ஒக்காந்து கட்டினே?” என்றேன்.

“அதெல்லாம் நாம எழுதுறத மோந்து பாக்கும், தெத்தே. இது பூட்டும் என்னோடது, சாவியும் என்னோடது.” அக்காவை அவன் தெத்தே என்றுதான் இழுப்பான். “உனக்கும் சாவி தர்றேன். ஊசிய யாரு போட்டாலும் இதுல எழுதிடுவோம். அபாகிட்ட கேக்கவே வேணாம்.”

குகுன் அபாவோடு இருக்கிறான், நான் அடுத்த சந்தில். காலை ஊசியை அவன் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். நேரமாகிவிட்டால் போடாமல் ஓடிவிடுவான், நான் வந்து போடுவேன். யார் போட்டாலும் குறிப்புப் பக்கத்தில் ஒரு வரி. பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்று காலை எங்கள் சந்துக்குக் காய்கறி வண்டி வந்தது. முதல் நாளிலிருந்து போனில் மூடாமல் கிடந்த அந்தப் பக்கத்தில், மறந்துவிடுமே என்று, ‘கங்குங் கீரை, தேங்காய்’ என்று தட்டினேன். சேமிக்கப்பட்டது என்றது. பிறகு அபா வீட்டுக்குப் போனேன். குகுனின் பைக் இல்லை. குறிப்புப் பக்கத்தில் அன்றைய ஊசி வரியும் இல்லை.

“அபா, குகுன் ஊசி போட்டானா?”

“ஆச்சு, நெங்.” எனக்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவருக்கு நான் இன்னும் நெங்தான், குட்டிப் பெண்.

“சாப்பிட்டீங்களா?”

“அதுவும் ஆச்சு. சோறு, வறுத்த மீனு, எல்லாம் ஆச்சு.”

“உங்களுக்கு எதுதான் ஆகல? இங்க பாருங்க, ஊசி போட்டதா ஒண்ணுமே எழுதல!” போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். போட்டேன். போட்டதாக எழுதினேன். சேமிக்கப்பட்டது.

துணி அலசிவிட்டு வந்தபோது அபா நாற்காலியில் தொப்பலாக நனைந்திருந்தார். வேர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஓனி, வெளக்க ஏத்தேன். ஒரே இருட்டா இருக்கு” என்றார்.

ஓனி என் அம்மா. அவள் செத்துப் பல வருடமாகிறது. ஜன்னல் வழியாக வெயில் அவர் மடிமேல் விழுந்துகொண்டிருந்தது. குகுனைக் கூப்பிட்டேன்.

“டேய், அபா என்னமோ மாதிரி இருக்காருடா. ஊசி போட்டும் இப்படி...”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

“காலையில நான் போட்டுட்டேனே, தெத்தே. எழுதியும் வச்சேனே.”

“இதுல ஒண்ணும் இல்லடா!”

“சக்கரய எடு! உதட்டுக்குள்ள தேய்ச்சுவிடு! ஆஸ்பத்திரிக்குத் தூக்கு, நான் நேரா அங்க வர்றேன்!”

அடுக்களைக்கு ஓடினேன். கருப்பட்டியைத் தேடி மேசைமேலிருந்த மூடியைத் தட்டிவிட்டேன். அடியில் சோறு ஆறிக் கிடந்தது. மீன் முழுசாக, வால்கூடப் பிய்க்காமல் இருந்தது. வெறும் வயிற்றில் இரண்டு ஊசி. அவர் சொன்ன இரண்டு ஆச்சில் பொய்யை நம்பிவிட்டு, உண்மையைச் சொன்னபோது அதட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாங் எஞ்சூ தான் ஓட்டும் அங்கோட் ஷேர் வேனிலிருந்த சவாரிகளை இறக்கிவிட்டு அபாவை ஏற்றினார். விரலால் கருப்பட்டித் தூளை ஈறில் தேய்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவர் விரலைச் சப்புவதை நிறுத்திவிட்டார். தாடை என் உள்ளங்கையில் கனத்தது. “அபா, அபா” என்று கத்தினேன். எதற்கும் ஆச்சு என்கிற மனிதரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

போகவில்லை. குளுக்கோஸ் ஏற ஏற, மதியத்தில் கண்ணைத் திறந்தார்.

குகுன் வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். “உன் போன்ல இருந்தது நேத்துப் பக்கம், தெத்தே. அதுல கீரைன்னு எழுதினதும், அந்தப் பழைய பக்கத்த அப்படியே கொண்டுபோய் என் வரிமேல வச்சிருச்சு. நான் ஒருத்தன் எழுதத்தான் இத கட்டினேன். ரெண்டு பேரு எழுதினா என்னாகும்னு யோசிக்கவே இல்ல.” இனி யார் எழுதியதும் அழியாதபடி மாற்றிவிட்டதாகச் சத்தியம் செய்தான்.

உள்ளே போய் அபாவின் காலடியில் உட்கார்ந்தேன். “வேணாம், அவன் போட்டுட்டான்னு என் கையப் புடிச்சுத் தடுத்திருக்கலாம்ல, அபா?”

“சொன்னேனே, நெங்.” குரல் காற்றாக வந்தது. “அப்புறம் நீ போனக் காட்டினே. நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன்.”

சாயங்காலம் நர்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க வந்தாள். “சாப்பிட்டாச்சா?” என்று சிரித்தாள்.

கிண்ணம் காலியாகத்தான் இருந்தது. நான்தான் ஊட்டியிருந்தேன். அபா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.