பெட்டிச் சோறு

பானையில் நீர் கொதித்துவிட்டால் அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. அதன் பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் நீர்தான் வேகமாக ஆவியாகும், அரிசி வேகமாக வேகாது. கொதி வந்த பிறகு எரிகிற காஸெல்லாம் பானையின் பக்கவாட்டில் வெளியேறுகிற சூட்டை ஈடுகட்டத்தான் எரிகிறது. வெளியேறும் அந்தச் சூட்டை மறித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம். அரசு என்று நாங்கள் கூப்பிட்ட திருநாவுக்கரசு இதை எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொன்னான். எனக்கு உடனே புரிந்தது. சன்னாசிக்குக் கடைசிவரை புரியவில்லை.

1984இல் நாங்கள் மூவரும் மலேசியாவில் லுக்குட் கடைவீதிக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி போர்டிக்சன் சாலையில் இருந்தது. வீட்டுக்காரர் சேவுகன் ஐயாவுக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. வாடகையோடு மாதம் ஒரு காஸ் தோம்பும், அதாவது சிலிண்டரும், அவர் பொறுப்பு.

அரசு எதையும் வீணாக்க மாட்டான். அரிசி கழுவிய நீர், பின்வாசலில் தகரத்தில் வளர்ந்த கங்குங் கீரைக்குப் போகும். அச்சடித்த தேர்வுத் தாள்களின் பின்பக்கங்களைத் தைத்து நோட்டுப் புத்தகமாக்கிக்கொள்வான். இவையெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு. பெட்டி மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை.

அது தேயிலை வந்த பலகைப் பெட்டி. உள்ளே பழைய நாளிதழ்களை அடுக்கடுக்காக ஒட்டியிருந்தான். மாவு மூட்டைத் துணியில் தைத்த இரண்டு தலையணைகள், உள்ளே இலவம்பஞ்சு. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரு நுண்ணிய குழாய். அதற்குள் அடைபட்ட காற்றால் நகர முடியாது. நகராத காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போகாது. காலையில் அரிசியை ஊறவைத்து எட்டு நிமிடம் கொதிக்கவிடுவான். மூடியைத் திறக்காமல் பானையை ஒரு தலையணை மேல் வைத்து, மற்றதைப் போட்டு அமுக்கி, பெட்டியை மூடிவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பான். ஒரு மணிக்குத் திரும்பும்போது சோறு பூவாக இருக்கும். கல்லூரிப் பட்டறையில் இரவல் வாங்கிய வெப்பமானியை நடுவில் குத்தி, நோட்டில் எழுதுவான்: 68. 67. 68.

"அறுபதுக்குக் கீழ எறங்கக் கூடாது. எறங்கி அப்படியே நின்னா சோறு கெட்டுடும்" என்பான்.

இந்தக் கணக்கெல்லாம் அவன் அம்மா ராக்கம்மாவுக்காக. கோலா கிளாவாங்கைத் தாண்டி மலையடி ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார். ஐந்தரைக்குப் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டும். அதற்கு முன் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் தனக்கும் சோறாக்க மூன்று மணிக்கே எழுந்துவிடுவார். பழைய சோறு சாப்பிட்டால் போதாதா என்றால், அவருக்கு இளைப்பு நோய். அந்தக் குளிரில் ஆறின சோறு ஒரு வாய் போனாலும் நெஞ்சு கட்டிக்கொள்ளும் என்று பயம். விடுமுறையில் அரசு அவருக்கும் ஒரு பெட்டி செய்துகொடுத்திருந்தான். இரவுச் சமையல் நெருப்பிலேயே மறுநாள் அரிசியைக் கொதிக்கவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால், நாலரைக்கு எழுந்தால் போதும். ஒன்றரை மணி நேரத் தூக்கம். ஆனால் ஒரு கல்லூரித் தவணை முழுக்க இங்கே அளந்து பார்த்த பிறகே முழுதாக நம்புவேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

கெட்ட காலம், ஒரு நாள் சேவுகன் ஐயா பெட்டியைப் பார்த்துவிட்டார். குனிந்து நின்று எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டார். அரசு ஆசையாக விளக்கினான். ஐயா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு நிமிசத்துல ஒரு பையன் சோறாக்குறான். ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்குப்பா இவ்வளவு காஸு? இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தோம்பு."

எங்களுக்கும் பெட்டி செய்துதர அரசு முன்வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்றான். சன்னாசிக்கு வந்த கோபத்தில் பெட்டியை உதைக்கப் போனான். நான்தான் தடுத்தேன். உடைத்தால் வேறொன்று செய்துவிடுவான். பெட்டி இருக்க வேண்டும், ஆனால் வேலை செய்யக் கூடாது. அப்போதுதான் அது உதவாது என்று ஐயா நம்புவார்.

எனக்கும் சன்னாசிக்கும் வகுப்பு ஒன்பதுக்குத்தான். ஏழரை பஸ்ஸில் அரசு ஏறியதும் பானையை வெளியே எடுத்தோம். முதல் நாள் மூடியைத் திறந்து கால் மணி நேரம் வைத்துப் பார்த்தேன், மதியம் நோட்டில் 61க்குத்தான் இறங்கியது. காற்று மெதுவாகத்தான் சூட்டை வாங்கும். தண்ணீர் அப்படியல்ல. மறுநாள் குளியலறை பிளாஸ்டிக் பேசினில் அரைவாசி நீர் பிடித்துப் பானையை அதில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, துணியால் துடைத்து, தலையணையின் பள்ளம்கூடக் கலையாமல் திரும்ப வைத்தேன். அன்று மதியம் நோட்டில் 43.

சன்னாசி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாய்ல போட்டும் வேகலைல்ல. இவன் சோறு மட்டும் எப்படி வேகும்?"

அரசு சிரித்தான். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தான். பெட்டி இடுக்குகளில் மெழுகு ஊற்றினான். எட்டு நிமிடத்தைப் பத்தாக்கினான். 44. 42. ஒரு நாள் என்னிடம் வந்து, நீ சொல்லு, எங்கே தப்பு என்று கேட்டான். ஆவி கசிந்து பஞ்சு நனைந்திருக்கும், நனைந்த பஞ்சு சூட்டைக் கடத்தும் என்றேன். பொருத்தமான விளக்கம்தான், வேறொரு பெட்டியில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். அவன் முகம் தெளிந்தது. தலையணைகளைப் பிரித்து இரண்டு நாள் வெயிலில் பஞ்சைக் காயவைத்தான். மூன்றாம் நாள் 43.

அந்த அரைவேக்காட்டுச் சோற்றையும் அவன் கொட்டவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் நூல்விட்ட சோற்றைக் கழுவித் தின்றான். அன்று தொடங்கி மூன்று நாள் வயிற்றுப்போக்கு. ஒரு தேர்வும் போயிற்று. சேவுகன் ஐயா ஓர் இளநீரோடு வந்து பார்த்தார். பெட்டியை முகர்ந்துவிட்டு, இதெல்லாம் வேண்டாம்பா என்றார். மறுநாளே பழையபடி முழுத் தோம்பு வந்தது. நாங்கள் அதற்குப் பிறகு பேசினை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை, அரசு பெட்டியைத் தொடவே இல்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் படுக்கையில் கிடந்த மூன்று நாளும் அவன் அம்மாவைப் பற்றியே யோசித்திருக்கிறான். அங்கும் பஞ்சு ஈரமாகும். அங்கும் ஒரு நாள் சோறு நூல்விடும். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பினான். எல்லாவற்றிலும் கூடவே யோசித்தவன் என்று என்னையும் அழைத்தான். போக மறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

சிரம்பானில் பஸ் மாறி, மலைப் பாதையில் வளைந்து வளைந்து போனோம். மறுநாள் காலையில் ராக்கம்மா பெட்டியைத் திறந்து எங்களுக்குச் சோறு போட்டார். ஆவி பறந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வெந்திருந்தது. அரசு வெப்பமானியைக் குத்தினான். 64.

அவன் நம்பவில்லை. தன்னுடையதும் முதலில் இப்படித்தான் இருந்தது, திடீரென்றுதான் கெட்டது என்றான். ஒரு நாள் தவறினாலும் தங்கச்சிகளுக்கு என்ன ஆகும் என்று நோட்டைக் காட்டி, வரிசையாக எண்களைப் படித்தான். ராக்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"எனக்கு நல்லாத்தானேப்பா வேவுது. இந்தப் பொட்டி வந்த பொறவுதான் நான் தூங்குறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தம்பி. நீயும் படிச்ச பிள்ளதானே. அங்க நெசமாவே கெட்டுப் போவுதா?"

முழுத் தோம்பு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா. நானே பாத்தேன்" என்றேன்.

ராக்கம்மா பெட்டியின் தலையணைகளை எடுத்துப் பிள்ளைகள் படுக்கும் பாயில் போட்டார்.

மறுநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே பலகை பிளக்கிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். அரசு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்படியில் ராக்கம்மா தேயிலைப் பெட்டியைக் கத்தியால் கீறி அடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். மெல்லிய, நன்கு காய்ந்த பலகை. இரண்டு பக்கமும் காற்றுப் படுவதால் அப்படிப்பட்டது உடனே பற்றிக்கொள்ளும், வெகுநேரம் நிற்காது. பெட்டி முழுவதும் எரிந்து தீர்ந்தபோது உலை சரியாகக் கொதி வந்தது. பெட்டி இருந்திருந்தால் அடுப்பு வேலை அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் ஈரமான ரப்பர் விறகை உள்ளே தள்ளி ஊதத் தொடங்கினார். நான்கு முறை ஊதியதும் இளைக்க ஆரம்பித்தது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஊதினார்.