அதிகம் பேசப்பட்ட அறை

கதை என்று ஒன்றை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். பழக்கமில்லாத கை. பெரியவர்களைக் குறைகூறும் தகுதியும் எனக்கில்லை. ஆயினும் அவர்கள் செய்ததைச் செய்தபடி சொன்னாலே குறைகூறியது போலாகிவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய.

பல்கலைக்கழகம் ஒன்றில் உதவி நூலகராக ஒரு பெண்மணி இருந்தார். மாலை வாசிப்பறை அவருடைய பொறுப்பு. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்பில் படிப்பவர்கள் அமைதியாக உட்கார அந்த வளாகத்தில் இருந்த ஒரே இடம் அது. அவருடைய நாத்தனாரும் அங்கேதான் படித்தாள். பகலில் தையல் கம்பெனி, மாலையில் கணக்கியல். இருவரும் இருந்த வீட்டிலோ நூலகரின் மாமனாருடைய தொலைக்காட்சி ஓய்வதில்லை. அவருக்குக் காது மந்தம் என்பதால் அண்டை வீட்டாரும் அதே செய்தியைக் கேட்டாக வேண்டும்.

வருமானம் தராத இடங்களை மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. கூடவே சுற்றறிக்கையும் வந்தது. ஐந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டத்தைக் கடைநிலை ஊழியர்வரை கலந்தே வகுக்கப் போகிறார்களாம்.

"நிஜமாவே உங்ககிட்ட கேக்கப்போறாங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டு, பொண்ணுகிட்ட சம்மதம் கேக்க வர்ற மாதிரி இருக்கு."

"வாய மூடு. உனக்காகத்தான் போறேன்."

நூலகர் சும்மா போகவில்லை. காவலர், தோட்டக்காரர், அலுவலக எழுத்தர் என்று தெரிந்தவர்களையெல்லாம் பார்த்து, வாசிப்பறையை மூட வேண்டாம் என்று கலந்தாய்வில் ஒரு வரி எழுதும்படி கேட்டுக்கொண்டார். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பெரியவரை எல்லோரும் குடுவை அண்ணன் என்பார்கள். "எழுதிட்டாப் போச்சும்மா," என்றார் அவர். "இத்தன வருஷத்துல என் கருத்த கேட்ட முதல் ஆளு நீதான். அதையும் நீயே சொல்லிக் குடுத்துட்ட, இன்னும் வசதி."

கலந்தாய்வு குளிரூட்டிய அரங்கில் நடந்தது. ஊழியர்களின் குரலுக்குச் செவிசாய்ப்பதன் அருமையைப் பற்றித் துணைவேந்தர் வெகுநேரம் பேசிவிட்டு, எவர் குரலையும் கேட்காமல் காரேறினார். பின்னர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர் மேடையேறி, இங்கே பதவி பேதமில்லை, எல்லோரும் சமம் என்றார். முன்வரிசை சோபாக்களில் இருந்த துறைத்தலைவர்கள் சாய்ந்தபடியே அதை ஆமோதித்தார்கள்.

வண்ணச் சீட்டுகள் தரப்பட்டன. எழுதினார்கள், சுவரில் ஒட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசிப்பறை. நூலகருக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆனால் ஆலோசகரின் குழு சீட்டுகளைப் படிக்கும் வழக்கமுடையதல்ல. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணினியில் எண்ணி, அதிகம் வந்ததைத் திரையில் பெரிதாகக் காட்டுவார்கள். வாசிப்பறை என்ற சொல் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா," என்றார் ஆலோசகர். "இந்த நிறுவனத்தோட மனசுல ஒரே ஒரு இடம்தான் உறுத்திக்கிட்டு இருக்கு."

நூலகர் எழுந்தார். "உறுத்தல சார். அது அப்படியே இருக்கணும்னுதான் எழுதியிருக்கோம்."

"அருமை மேடம். இந்த வேகம்தான் வேணும். மாற்றத்துக்கான வேகம்."

"மாத்த வேணாம்னு சொல்றோம் சார். ஏதாவது ஒண்ண எடுத்துப் படிங்களேன்."

"ஒண்ண மட்டும் படிச்சா அந்த ஒருத்தருக்கு மட்டும் மதிப்புக் குடுத்த மாதிரி ஆயிடும். மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?"

சோபாக்கள் கைதட்டின. பின்வரிசையும் தட்டியது; தட்டாதவர்கள் யார் என்று பதிவாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டம் வழவழப்பான தாளில் வெளிவந்தது. ஊழியர்களின் ஏகோபித்த வலியுறுத்தலுக்கு இணங்க, வாசிப்பறை முதற்கட்டமாகச் சிந்தனைப் பரிமாற்ற மையமாக மாற்றப்படும் என்றிருந்தது.

நூலகர் திட்ட இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து கேட்டதுதானே மேடம்?" என்றார் அவர், உண்மையான வியப்போடு.

"மூடாதீங்கன்னு கேட்டோம் சார். பிள்ளைங்க எங்க போய்ப் படிக்கும்?"

"அது மேலோட்டமா எழுதினது. நாங்க அதோட ஆழத்தப் புடிச்சிருக்கோம். சொல்லப்போனா, அப்படி ஒரு அறை இருக்குன்னே சீட்டெல்லாம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மூடறதா இருந்த பட்டியல்லயே அது இல்ல."

நூலகர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப விட்டுடுங்க சார். நாங்க எழுதவே இல்லன்னு வச்சுக்குங்க."

"அதெப்படி? இப்பப் பின்வாங்கினா ஊழியர் கருத்த நாங்க மதிக்கலன்னு ஆயிடாதா?"

அவ்வாறு மதிக்கப்பட்டதால் அறைக்குப் பூட்டு விழுந்தது. மேசைகள் வெளியேறி மெத்தை இருக்கைகள் வந்தன. சிந்தனையைப் பரிமாற இதுவரை எவரும் அங்கே வந்ததாகத் தகவல் இல்லை.

நாத்தனார் சில நாள் மொட்டைமாடிப் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு தாள்களில் தவறினாள்.

"மறுபடி எழுதலாம்டி," என்றார் நூலகர்.

"எழுதினது போதும் அண்ணி," என்றாள் அவள். மறுநாள் தையல் கம்பெனியில் இரவுப் பணி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போனவை: மாலை வாசிப்பறை. அங்கே படித்தவர்களுக்கு உட்கார இடம். நாத்தனாரின் பட்டம். குடுவை அண்ணன் எழுதித் தந்த ஒரே கருத்து. வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொண்டிருந்த பேச்சு.