கடைசிப் பூட்டு யாருக்கு

சங்கரிக்குப் பள்ளிக்கூடத்தில் பதவி பொறுப்புத் தலைமையாசிரியை. நான்கு வருஷமாக அந்தப் 'பொறுப்பு' அவள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. வருகிற ஜூனில் நிரந்தரம் செய்துவிடுகிறோம் என்று கமிட்டி சொல்லாத வருஷம் கிடையாது. பொறுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஓடு ஒழுகினால், பையன் சுவரேறிக் குதித்தால், சத்துணவில் கல் இருந்தால் அதற்கெல்லாம் அவள் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் பத்துப் பேர் முதல் வகுப்பு வாங்கினால் அது கமிட்டியின் சாதனை. நோட்டீஸ் அடித்துக் கருங்குழி கடைத்தெரு முழுக்க ஒட்டிவிடுவார்கள்.

கமிட்டி என்பது மூன்று பேர். தலைவர் செங்கல்வராயன், நான்கு லாரிக்குச் சொந்தக்காரர். செயலாளர் காசிநாதன், நெல் வியாபாரம். பொருளாளர் பார்த்தசாரதி, கல்பாக்கத்தில் வேலை. அணுவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அங்கே கேன்டீன் கணக்குப் பிரிவில் இருந்தார். ஆனால் ஊர் அவரை விஞ்ஞானி என்றே நம்பியது. அவரும் பெரிய மனசு பண்ணி அதை மறுக்காமல் இருந்தார்.

இந்த மூன்று பேரும் முதலில் ஊர் அம்மன் கோயில் தர்மகர்த்தாக்கள். கோயிலில் மிச்சம் விழுந்த உற்சாகத்தில்தான் பள்ளிக்கூடமே ஆரம்பித்தார்கள். அதனால் தங்களுக்குத் தெரிந்த நிர்வாகத்தையே இங்கேயும் கொண்டுவந்தார்கள். கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. ப்ளஸ் டூ சயன்ஸ் குரூப் வந்ததும் கெமிஸ்ட்ரி லேப் கட்டினார்கள். கட்டிய மாசமே ஒரு பீக்கர் காணாமல் போனது. அதில் காசிநாதன் வீட்டில் மோர் குடிக்கிறார்கள் என்று செங்கல்வராயன் சொல்ல, பெரிய ரகளையாகிவிட்டது. உடனே தீர்மானம் போட்டார்கள்: லேப் கதவுக்கும் மூன்று பூட்டு. கதவில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று நாதாங்கி அடித்துத் தொங்கவிட்டார்கள். மூன்றும் தேங்காய் அளவுக்கு இருந்தன.

இதனால் பெரிய தொந்தரவு ஒன்றும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லேப் வகுப்பு உள்ள நாளில் மூன்று வீட்டிலிருந்தும் வேலைக்காரர்கள் சாவி கொண்டுவருவார்கள், திறந்துவிட்டுப் போவார்கள். யார் முதலில் திறந்தது, யார் பிறகு திறந்தது என்று அவர்களில் எவனும் கவலைப்பட்டதில்லை. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஜெயக்குமார் பாடம் நடத்துவார். பிள்ளைகள் உப்பை உருக்கி, அமிலம் விட்டு, வந்த நிறத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் முதல் ப்ளஸ் டூ பேட்ச்சுக்குப் பிராக்டிகல் பரீட்சை வந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், நமது லேபைப் பார்க்கப்போகிறார் என்றதும் கமிட்டிக்கு மரியாதை நினைப்பு வந்துவிட்டது. இந்த முறை வேலைக்காரர்கள் வேண்டாம், நாங்களே நேரில் வந்து திறக்கிறோம் என்று மூன்று பேரும் சொல்லியனுப்பினார்கள்.

தேர்வாளர் ஞானதாஸ் செங்கல்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். மூன்று தலைகளும் வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் வந்துவிட்டார்கள். தட்டில் கற்பூரம், தேங்காய் எல்லாம் தயார். மூன்று சாவியும் கதவுக்கு முன்னால் வந்தாயிற்று. ஆனாலும் கதவு திறக்கவில்லை.

விஷயம் இதுதான். கோயிலில் உண்டியல் திறக்கும்போது கடைசிப் பூட்டைத் திறப்பவர்தான் மூடியைத் தூக்குவார். அவருக்குத்தான் முதல் மாலை. முதலில் திறப்பவன் சும்மா சாவி கொண்டுவந்த ஆள். அதனால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, நீங்க திறங்க, இல்லை நீங்க திறங்க என்று உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பணிவு என்று ஞானதாஸ் முதலில் நினைத்திருக்கக்கூடும். உபசாரம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

"இன்னா கணக்கு இது? கோயில்ல கடைசியா தொறக்கறது யாரு? தலைவருதானே? இஸ்கோலுக்கு மட்டும் வேற சட்டமா?" என்றார் செங்கல்வராயன்.

"அது கோயிலு அண்ணாத்த. இங்க கவர்மென்ட்டு பேப்பர்ல எல்லாம் யாரு கையெழுத்து கீது? செயலாளருதுதான் கீது," என்றார் காசிநாதன்.

பார்த்தசாரதி தொண்டையைச் செருமிக்கொண்டு, இது விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட அறை என்பதை மட்டும் நினைவுபடுத்த விரும்புவதாகச் சொன்னார். அதன் பிறகு மூன்று பேரும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். அங்கே பேச்சு பழைய பீக்கர் வரைக்கும் போனது.

சங்கரி மரத்தடிக்கும் வராந்தாவுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தாள். சாவியை என்னிடம் கொடுங்கள், உங்கள் பெயரைச் சொல்லியே திறக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். சாவியைக் கையாள டீச்சருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்மானத்தில் இருப்பதை மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று காலையில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஞானதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்குள் பரீட்சை தொடங்காவிட்டால் 'நடைபெறவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், தன்னால் வேறு எதுவும் செய்ய முடியாது என்றார். அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் சங்கரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

வரிசையிலிருந்து திவ்யா ஒரு எட்டு முன்னால் வந்தாள். நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாக உப்பு அட்டவணையை உருப்போட்டுக்கொண்டிருந்த பெண். "டீச்சர், கதவு தொறக்கலைன்னா நாங்க எல்லாம் ஃபெயிலா?" என்று கேட்டாள்.

சங்கரிக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று திரும்பி, லேப் கதவில் பூட்டு இல்லாத ஓரமாகச் சாய்ந்துகொண்டாள். முதுகில் சுருக்கென்று எதுவோ குத்தியது. திரும்பிப் பார்த்தாள். கீலில் இருந்த திருகாணி.

லேப் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், ஆபத்து என்றால் ஆட்கள் ஓடிவர அதுதான் வசதி, எங்கள் ஆபீஸில் அப்படித்தான் என்று பார்த்தசாரதி அடம்பிடித்து வைத்த கதவு அது. தச்சரும் கோபத்தில் கீல் பட்டையை வெளியே வைத்து, திருகாணிகளைப் பளிச்சென்று எல்லோருக்கும் தெரிகிறமாதிரி முடுக்கிவிட்டுப் போயிருந்தார். மூன்று பூட்டும் கதவின் ஒரு பக்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கத்துக்கு யாரையும் கமிட்டி நியமிக்கவில்லை.

சங்கரி ஞானதாஸைப் பார்த்தாள். அவரும் அந்தத் திருகாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி விவகாரத்தில் தலையிட மாட்டேன் என்று பொதுவாகச் சொன்னார். அப்புறம், தன் ஸ்கூட்டர் டூல் பெட்டி பூட்டுவதில்லை என்றும் சொன்னார்.

அதிலிருந்து சங்கரி எடுத்துவந்த ஸ்க்ரூ டிரைவரை ஜெயக்குமார் வாங்க வந்தார். சங்கரி கொடுக்கவில்லை. நாளைக்குக் கேள்வி வந்தால் அவர் வேலையும் சேர்ந்து போக வேண்டாம் என்று, கதவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள மட்டும் சொன்னாள். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் திருகினாள். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைசிக் கீலும் விட்டதும் ஜெயக்குமார் கதவை இழுத்தார். அது பூட்டுகள் இருந்த பக்கத்தையே பிடிமானமாக வைத்துக்கொண்டு, முனகியபடி திறந்தது. பிள்ளைகள் தப்பான பக்கம் வழியாகச் சரியான நேரத்துக்கு உள்ளே போனார்கள்.

புன்சன் பர்னர் வாசனை மரத்தடிக்குப் போன பிறகுதான் கமிட்டி ஓடிவந்தது.

"எம் பூட்ட ஒடைச்சது யாரு?" என்றார் செங்கல்வராயன்.

"யார் பூட்டும் உடையலைங்க. அவங்கவங்க பூட்டு அவங்கவங்க இடத்துல பூட்டினபடியே இருக்கு. இழுத்துப் பாருங்க," என்றாள் சங்கரி.

மூன்று பேரும் இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. தன் பூட்டு நல்ல பூட்டு என்ற திருப்தி ஒரு கணம் மூன்று முகத்திலும் தெரிந்தது. பிறகுதான் கோபம் திரும்பியது. ஆனால் உள்ளே பரீட்சை நடக்கிறது, சத்தம் போடக்கூடாது என்று ஞானதாஸ் உதட்டில் விரலை வைத்தார். தேங்காய்த் தட்டோடு அவர்கள் சாயங்காலம் வரை வராந்தாவில் கம்மென்று நிற்க வேண்டியதாயிற்று. திவ்யா தனக்கு வந்த உப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, வெளியே வந்து சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் சங்கரிக்கு எந்தப் பயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. சங்கரியைப் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். பேசுவதெல்லாம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அனுமதியில்லாமல் லேபைத் திறந்த குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்குவது என்று பேசினார்கள். மறுபேச்சே இல்லை, மூன்று பேரும் சம்மதம். டைப் அடிக்கும் சத்தமும் கேட்டது. ஊரப்பாக்கத்து வீட்டில் கணவர் ஹரிகிருஷ்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கையெழுத்து. இங்கே கணக்கு தலைகீழ். பூட்டில் கடைசியாக வருபவன் பெரியவன், கையெழுத்தில் முதலில் போடுபவன் பெரியவன். தலைவர் போட்ட பிறகுதான் மற்றவர்கள் என்றார் செங்கல்வராயன். உத்தரவு போடுகிறவன் செயலாளர், தலைவர் கீழே 'பார்த்தேன்' என்று போட்டால் போதும் என்றார் காசிநாதன். நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பீக்கர் மறுபடி வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறினார்கள்.

கடைசியில் பார்த்தசாரதி மட்டும் அந்தத் தாளோடு சங்கரியிடம் வந்தார். வீட்டுக்கு எடுத்துப் போனால் தொலைந்துவிடும், அவர்கள் சமாதானமாகிறவரைக்கும் இது ஆபீசிலேயே இருக்கட்டும் என்றார்.

"கொஞ்சம் பத்திரமா வெச்சிருங்க டீச்சர். இப்ப இது உங்க பொறுப்பு."

சங்கரி தன் நீக்க உத்தரவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூன்று கையெழுத்துக்கும் இடம் விட்டு, கீழே வெறுமையாக இருந்தது.

"எத்தனை பூட்டு போடணும் சார்?" என்று கேட்டாள்.