விட்டாச்சு

அண்ணனின் உடலைக் கூடத்தில் கிடத்திக் காலை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் சார்ஜரில் செருகியிருந்த அவனுடைய கேம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையளவு கருவி. சிவப்பாக எரிந்த விளக்கு பச்சைக்கு மாறியதும் அவள் சட்டென்று திரும்பினாள்.

"அதை யாரு சார்ஜ்ல போட்டது?"

"நான்தாம்மா," என்றார் அண்ணியின் அண்ணன். "ஆஸ்பத்திரிப் பையில கிடந்துச்சு. மாப்பிள்ளை ஆசையா வச்சிருந்த சாமானாச்சே..."

நல்லது செய்யப்போய் வினை வந்து சேர்ந்தது. கருவி விழித்து வீட்டு வைஃபையைப் பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். படுக்கையில் விழுந்த பிறகும் கை சும்மா இருக்குமா? சின்ன வயதில் இருவரும் அடித்துக்கொண்டு ஆடி, முடிக்க முடியாமல் விட்ட கேமை, பழைய கேம்களை ஓடவைக்கும் எமுலேட்டர் போட்டு இரண்டு கருவிகளில் ஏற்றினான். ஆட்டம் ஒன்று, ஆள் இரண்டு. பகலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் ஆடுவான். சலவைக் கடை வேலை முடிந்து வந்து அவள் ஆடுவாள். ஆட்டம் நின்ற இடத்தைக் குறித்துவைக்கும் சேவ் ஃபைல் நெட் வழியாகப் போய்வரும். கடைசியாகச் சேவ் ஆனது எதுவோ அதுதான் நிற்கும், மற்றது அழிந்துவிடும். அதனால் அவன் ஆடி முடித்ததும் "விட்டாச்சு" என்று மெசேஜ் போடுவான். அவள் "எடுத்தாச்சு" என்று பதில் போட்டுவிட்டுத்தான் தொடவேண்டும்.

"லிஃப்ட் மாதிரிதான்டி. மேல ஒருத்தன் வேலை பார்க்குறப்ப கீழ இருக்கிறவன் பட்டனை அமுக்கினா, அப்புறம் ஆளைக் கூட்டித்தான் அள்ளணும்," என்று சிரிப்பான்.

நேற்று ஆஸ்பத்திரியில் நெட் இல்லை. மத்தியானம் போனில், "கடைசிக் கதவு வரைக்கும் போயிட்டேன். நீ பார்த்தா அசந்துடுவே," என்றான். குரலில் மூச்சே இல்லை. சாயங்காலம் வரை "விட்டாச்சு" வரவில்லை. பயத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை சும்மா இருக்காமல் கருவியைத் திறந்தாள், எங்கெங்கோ சுற்றினாள், பழக்கதோஷத்தில் சேவும் பண்ணித் தொலைத்தாள். விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

இப்போது அவளுடையதுதான் புதுசு. அவன் நேற்று ஆடியது அந்தக் கருவியில் மட்டும்தான் இருக்கிறது.

அவள் பாய்ந்துபோய் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அடடா, நெட் போச்சே!" என்று போனும் கையுமாக நின்ற தாய்மாமா கத்தினார். "வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு முகத்தைக் காட்டிக்கிட்டிருந்தேன்!"

"ஒரு நிமிஷம் மாமா. உங்க கால்ல விழுறேன்."

அண்ணி எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "என்ன பண்றே நீ? எல்லாரும் பார்க்குறாங்க."

"அண்ணி, அண்ணன் நேத்து ஆடினது இதுல மட்டும்தான் இருக்கு. நான் சொல்லாம கொள்ளாம தொட்டுட்டேன். நெட் வந்தா என்னோடது அண்ணனோடதை அழிச்சிடும்."

அண்ணிக்கு எவ்வளவு புரிந்ததோ. மற்றவர்களுக்கு மறைப்பாக நின்றுகொண்டாள். "சீக்கிரம் பண்ணு," என்றாள்.

அவள் அண்ணனின் கருவியை எடுத்து அமுக்கினாள், திரை விழித்தது. கடைசிக் கதவுக்கு முன்னால் வீரன் நின்றுகொண்டிருந்தான். ஓர் உயிர்தான் மிச்சம். உள்ளே போகவில்லை. மூச்சு வாங்கியதால் நிறுத்தினானா, இவள் வரட்டும் என்று நிறுத்தினானா? கேட்க ஆள் இல்லை. பாவி, சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வீரனை நகர்த்தாமல் அப்படியே சேவ் பண்ணினாள். இனி அவனுடையதுதான் புதுசு. பிளக்கைத் திரும்பச் செருகினாள். மாமாவின் போனில் யாரோ மறுபடி அழத் தொடங்கினார்கள். கருவியின் மூலையில் சின்ன அம்பு சுற்றிச் சுற்றி வந்து, ஒருவழியாக டிக் அடையாளம் விழுந்தது. நேற்று அவள் ஆடியது அழிந்துபோயிற்று. தொலையட்டும்.

அவன் "விட்டாச்சு" சொல்லவே இல்லை. ஆனாலும் அவள் தன் போனை எடுத்து "எடுத்தாச்சு" என்று அடித்து அனுப்பினாள்.

அண்ணன் தலைமாட்டில் இருந்த அவனுடைய போன் 'டிங்' என்றது. அண்ணி குனிந்து அதை எடுத்துப் படித்தாள். பிறகு, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில், திரை மேலே தெரியும்படி வைத்தாள்.